வலித்த இடமும் காட்டிய இடமும்

இடுப்பில் ஓட்டை போட்டு ஆபரேசன் செய்துகொண்டாயே, குணமானதா இல்லையா என்று இன்றைக்கும் என்னைக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். எதைக் கேட்டாலும் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லித்தான் எனக்குப் பழக்கம். இதற்கு மட்டும் ஆமாம் என்றாலும் பொய்யாக இருக்கிறது, இல்லை என்றாலும் பொய்யாக இருக்கிறது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிப் பார்க்கிறேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். வரட்டும், மெதுவாகவே வரட்டும்.

களி கிண்ட உட்காருவது போல வேறு எந்த வேலைக்கும் உட்கார வேண்டியதில்லை. உலை கொதித்து, அரிசி நொய் வெந்து, கேழ்வரகு மாவைக் குவித்துக் கொட்டி, அது உள்ளுக்குள் வெந்ததும் சட்டியை இறக்கித் தரையில் வைக்கோல் பிரிமணைமேல் வைக்க வேண்டும். சட்டியின் வாய்க்குக் குறுக்கே கவைக்கோலைப் போட்டு, அதன் இரண்டு கிளைமேலும் பாதங்களை ஊன்றிச் சட்டி அசையாமல் அழுத்திக்கொண்டு, முன்னால் குனிந்து இரண்டு கையாலும் துடுப்பைப் பிடித்துக் கிண்ட வேண்டும். முழங்கால் நெஞ்சுக்கு வரும். ஒரு கட்டி இருக்கக் கூடாது. நல்லம்பள்ளிப் பக்கம் எங்கள் வீட்டில் அப்போது பண்ணை ஆட்களோடு சேர்த்தால் ஒரு பந்திக்கு ஆள் இருந்தார்கள். மூத்த மருமகளாக நான் கால் வைத்த நாளிலிருந்து அந்த வீட்டுத் துடுப்பு என் கையில்தான். என் களியை நூல் போட்டு அறுத்தால் வெண்ணெய் மாதிரி அறுபடும் என்பார்கள். சாப்பிட்டவர்கள் சொன்னது. நானும் சொல்லிக்கொள்வேன், அதில் என்ன.

எண்பதுகளில் பாதி தாண்டியிருக்கும். நிலக்கடலை பிடுங்குகிற சமயம். ஒரு நாள் குனிந்து கிண்டிக்கொண்டிருந்தபோது உள்ளே ஏதோ சடக்கென்று மடங்கி மாட்டிக்கொண்டது. துடுப்பு களிக்குள் நிற்கிறது, நான் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். என் கொழுந்தனார் மனைவி, ஓரகத்தி, ஓடி வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள்.

"எங்கக்கா புடிச்சிகிச்சி?"

பிடித்துக்கொண்டது தொடையும் அடிவயிறும் சேருகிற இடுக்கில். அதுவும் தோலில் இல்லை, உள்ளே ஆழத்தில். ஆனால் வாசற்படியில் என் வீட்டுக்காரர் நிற்கிறார். பின்கட்டில் ஆட்கள் தட்டோடு நிற்கிறார்கள். அந்த இடத்தில் கை வைத்து இங்கே என்று காட்டுவதற்கு நான் என்ன வெட்கங்கெட்டவளா? கையை எடுத்து இடுப்பின் வெளிப்பக்கம், சேலை முடிச்சுக்குக் கீழே, எலும்பு முட்டும் இடத்தில் வைத்தேன்.

"இங்கதான்" என்றேன்.

அதற்குப் பிறகு யார் கேட்டாலும் கை அங்கேதான் போயிற்று. அதைத் தப்பு என்று நான் இன்றும் நினைக்கவில்லை. என்னோடு பிறந்தவர்கள், என்னோடு வாக்கப்பட்டு வந்தவர்கள், எவளாக இருந்தாலும் அங்கேதான் காட்டியிருப்பாள்.

தர்மபுரியில் ஒரு டாக்டர் அந்த இடத்தில் ஊசி போட்டார். எக்ஸ்ரே எடுத்தார். எலும்பு நன்றாக இருக்கிறது, வாயு என்றார். ஊசி போட்ட இடம் மரத்தது, வலித்த இடம் வலித்தது. பிறகு பொம்மிடிப் பக்கம் சூடு போடுகிறவர் ஒருவர் இருக்கிறார், எப்பேர்ப்பட்ட இடுப்புப் பிடிப்பும் எழுந்து ஓடிவிடும் என்றார்கள். போனோம். பெரியவர் கம்பியை நெருப்பில் வைத்துவிட்டு, தலை நிமிராமல் கேட்டார்.

"எந்த எடம் தாயி?"

காட்டினேன். நான் காட்டிய இடத்தில் மூன்று சூடு போட்டார். பல்லைக் கடித்துக்கொண்டேன், ஒரு சத்தம் போடவில்லை. "கெட்டிக்காரிங்க உங்க வூட்டம்மா" என்று வீட்டுக்காரரிடம் சொன்னார். பஸ்ஸில் வரும்போது அவர் என்னைப் பெருமையாகப் பார்த்தார். நானும் பெருமையாகத்தான் உட்கார்ந்து வந்தேன். பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. உள்ளே சடக்கென்றது.

இதற்குள் ஒரு வினோதம் நடந்திருந்தது. ஊசியும் சூடும் பட்டதாலோ, ஒரு பக்கமாகவே சாய்ந்து நடந்ததாலோ, தினமும் கை வைத்துக் காட்டியதாலோ தெரியாது, வெளிப்பக்கமும் வலிக்க ஆரம்பித்துவிட்டது. நிஜமான வலி. காட்டின இடத்துக்கே வலி வந்து சேர்ந்துவிட்டது. இப்போது எனக்கு இரண்டு வலி. ஒன்று எல்லாருக்கும் தெரிந்தது, மற்றது எனக்கு மட்டும் தெரிந்தது.

துடுப்பு ஓரகத்தி கைக்குப் போயிற்று. நான் சுவரில் சாய்ந்து நின்றபடி அவள் கிண்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவளுக்கு வேகம் உண்டு, பொறுமை கிடையாது. மாவு வேகுமுன் இறக்கிவிடுவாள். பந்தியில் ஆட்கள் உருண்டையைப் பிட்டுப் பார்த்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

"சின்னம்மா, இந்தக் கட்டிய எடுத்துட்டுப் போயி வரப்பு ஒடைஞ்ச எடத்துல அண்டை குடுத்து அடைக்கலாங்களா?" என்றான் ஒருவன்.

"தின்னுட்டுப் பேசுடா. பெரியம்மா கிண்டும்போது மட்டும் வாயத் தொறக்கவே மாட்டே" என்றாள் இவள்.

"அது வாய்க்குள்ள வழுக்கிட்டுப் போயிரும், எங்க தொறக்கறது?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது, மறைப்பானேன். அதே சமயம் பயமாகவும் இருந்தது. கட்டி தட்டின களிக்கும் நாக்கு பழகிவிடும். பழகிவிட்டால் பிறகு என்னை யார் தேடுவார்கள்? அந்த வீட்டில் எனக்கு வேறு எது இருந்தது? நிலம் ஆம்பிளைகள் பேரில், சாவி மாமியார் இடுப்பில், துடுப்பு ஒன்றுதான் என் கையில். அது திரும்ப வர வேண்டும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

எங்களிடம் புளி எடுக்க வருகிற பாய் ஒருவர் உண்டு, தர்மபுரியில் கடை. அவர்தான் பெங்களூரைச் சொன்னார்.

"அக்கா, எங்க வூட்ல முட்டிக்குப் பாத்தோமில்ல, அந்த டாக்டரு. சின்ன ஓட்டை போட்டு டெலிஸ்கோப்பு உள்ள உட்டுப் பாக்கறாருங்க. கத்தி வச்சி அறுக்கறதே இல்லே. மூணாம் நாளு எங்க வூட்டம்மா நடந்து வந்து என்னையவே வையிறா."

"உன்னை வையறதுக்கு முட்டி எதுக்குப் பாய், வாய் போதாதா?" என்றார் வீட்டுக்காரர். ஆனால் அடுத்த வாரமே கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் பஸ் ஏறினோம்.

அந்த டாக்டருக்குத் தமிழ் வரும். இடம் கேட்டார், வழக்கம்போல வெளிப்பக்கம் காட்டினேன். அங்கே அமுக்கினார். வலிக்கிறது என்றேன். பிறகு என்னைப் படுக்க வைத்து, முழங்காலை மடக்கி நெஞ்சுப் பக்கம் தள்ளி, உள்பக்கமாக ஒரு திருகு திருகினார். சூட்டுக்குக் கத்தாதவள் கத்திவிட்டேன்.

அவர் காலை மெதுவாகக் கீழே வைத்தார். "நீங்க காட்டற எடம் ஒண்ணு, கத்தற எடம் ஒண்ணா இருக்கேம்மா. எதை நான் நம்பறது?"

வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றிருந்தார். டாக்டர் என்ன நினைத்தாரோ, வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார். ஒரு நர்சம்மா மட்டும் இருந்தாள். கன்னடக்காரி. என் சேலையைச் சரி செய்துகொண்டே, "எல்லி நோவு, அம்மா?" என்றாள். எங்கே வலி என்கிறாள்.

நான் பிறந்த ஊர் ஒகேனக்கல் போகிற வழியில் இருக்கிறது. எங்கள் தெருவில் பாதி கன்னடம் பேசுகிற வீடுகள். சின்னப்பிள்ளையில் விளையாட்டும் சண்டையும் அதில்தான். கல்யாணத்துக்குப் பிறகு பேசினதே இல்லை. அன்றைக்கு என்னை அறியாமல் வாய் திறந்தது. "இல்லி, ஒளகே" என்றேன். இங்கே, உள்ளே. கையும் தானாகப் போய் நிஜமான இடத்தில் நின்றது. தமிழில் இத்தனை நாள் தொண்டையில் நின்றது அந்தப் பாஷையில் வந்துவிட்டது. அது எப்படி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அந்தப் பாஷையில் நான் யாருக்கும் மருமகள் இல்லை, அதனாலா? அவள் சிரிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய் டாக்டரிடம் இங்கிலீஷில் சொன்னாள். வீட்டுக்காரருக்கு அது தெரியாது. எனக்கு அதுவே நல்லதாகப் போயிற்று.

டாக்டர் வந்து ஒரு கையைக் கிண்ணம் போலக் குவித்து, மற்றக் கையை முஷ்டி பிடித்து அதற்குள் வைத்துக் காட்டினார். தொடை எலும்பின் தலை பந்து, இடுப்பு கிண்ணம். கிண்ணத்தின் விளிம்பில் ரப்பர் வளையம் மாதிரி ஒரு குருத்தெலும்பு இருக்கிறது, அது கிழிந்து மடிந்து மாட்டிக்கொள்கிறது என்று நினைக்கிறேன், உள்ளே பார்த்தால்தான் நிச்சயமாகத் தெரியும், கிழிந்திருந்தால் அந்தப் பிசிறை வெட்டி எடுத்துவிடலாம் என்றார்.

"முட்டிக்கு நெறைய பண்ணியிருக்கேன். இடுப்புக்கு இது புதுசு. கொஞ்சம் பேருக்குத்தான் பண்ணியிருக்கேன். முழுசா சரியாகும்னு சத்தியம் பண்ண மாட்டேன்."

வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். "ஒரு ரூபாய்க்கு எத்தனை அணா தேறுங்க?"

டாக்டர் முழித்தார். பதினாறுக்கு எத்தனை பங்கு குணமாகும் என்று கேட்கிறார் என நர்சம்மா சொல்லவும் சிரித்துவிட்டு, "பன்னெண்டணான்னு வைங்களேன்" என்றார்.

பன்னிரண்டு அணா எனக்குப் போதும் என்று பட்டது. அந்தப் பன்னிரண்டில் களி சேருமா, மீதி நாலில் களி போய்விடுமா என்று கேட்கத் தோன்றவில்லை. குணம் என்றால் களி கிண்டுவது என்று நான் நினைத்திருந்தேன். அவர் வேறு எதையோ நினைத்திருந்தார்.

ஆபரேசனில் என் காலை ஒரு மிஷினில் கட்டி இழுத்து, பந்தைக் கிண்ணத்திலிருந்து கொஞ்சம் விலக்கி வைத்துக்கொண்டுதான் செய்தார்களாம். கண் விழித்தபோது தொட்டுப் பார்த்தேன். இரண்டு சின்னப் பிளாஸ்திரி. அவ்வளவுதான். வலியே இல்லை. சந்தோஷப்படப் போனவள் பயந்துவிட்டேன். அந்த இடுக்கில் வலி மட்டுமல்ல, ஒன்றுமே இல்லை. கிள்ளினால் தெரியவில்லை. சேலை உரசுவது தெரியவில்லை. வலி போயிற்றா, உணர்ச்சி போயிற்றா? நர்சம்மாவிடம் கேட்டேன். கால் இழுத்ததில் நரம்பு அமுங்கியிருக்கும், சில வாரத்தில் திரும்பி வரும் என்றாள்.

"வலியும் சேந்து வந்துருமா?"

"நோடோணம்மா" என்றாள். பார்க்கலாம் என்று. அங்கே எல்லாருமே பார்க்கலாம் என்றுதான் சொன்னார்கள்.

உள்ளே கிழிந்துதான் இருந்ததாம், பிசிறை எடுத்துவிட்டதாக டாக்டர் சொன்னார். ஊன்றுகோலோடு ஊருக்கு வந்தேன். ரொட்டியும் ஆரஞ்சுப் பழமும் எடுத்துக்கொண்டு பெண்கள் பார்க்க வந்தார்கள். எல்லாரும் தையலைக் காட்டு என்றார்கள். என் இடுப்பின் பக்கவாட்டில் மூன்று சூட்டுத் தழும்பு, அதற்குச் சற்று முன்னால் இரண்டு ஓட்டைத் தழும்பு. எது சூடு, எது ஆபரேசன் என்று வந்தவர்களுக்குப் புரியவில்லை. ஒருத்தி சூட்டுத் தழும்பைத் தடவி, "இதுதானா? பெங்களூர்க்காரன் நல்லாத்தான் தச்சிருக்கான்" என்றாள்.

ஓரகத்தி எட்டிப் பார்த்தாள். "இதுக்கு எதுக்குக்கா பெங்களூரு? மாடு முட்டுனாகூட இதவிடப் பெருசா இருக்கும். ஒரு ஊசியப் போட்டு அனுப்பிட்டாங்க போல."

"உனக்கு அறுத்துத் தொங்கவுட்டாத்தான் ஆபரேசனா?" என்றேன். ஆனால் அவள் சொன்னது மனதில் தைத்துவிட்டது.

உணர்ச்சி மெல்லத் திரும்பியது. முதலில் எறும்பு ஊறியது, பிறகு சேலை தெரிந்தது. சடக் மட்டும் வரவில்லை. காலை எப்படித் திருப்பினாலும் வரவில்லை. ஆனால் வெளிப்பக்க வலி அப்படியே இருந்தது. வீட்டுக்காரர் தினமும் சாயங்காலம் அங்கே விரலால் அமுக்கி, "இங்க எப்படி இருக்குது?" என்பார். வலிக்கிறது என்பேன். பொய் சொல்லவில்லை, அங்கே வலித்தது. அவர் முகம் தொங்கிவிடும். "அப்ப என்னத்ததான் பண்ணான் அந்த ஆளு?" என்று எழுந்து போவார். உள்ளே சரியாகிவிட்டது என்று சொல்ல வேண்டுமானால், உள்ளே வலித்தது என்று முதலில் சொல்ல வேண்டும். சொல்லாமலே இருந்தேன். ஊரெல்லாம் எனக்கு ஆபரேசன் பலிக்கவில்லை என்று பேச்சாகிவிட்டது. சூடு போட்ட பெரியவர் வேறு, நான் போட்டதை அவர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்லி அனுப்பினார்.

மறுபடி காட்டப் போனோம். டாக்டர் காலை மடக்கினார், திருகினார். நான் கத்தவில்லை. அவர் முகம் மலர்ந்தது. "எத்தனை அணா?" என்று அவரே கேட்டார்.

"எட்டணாகூட இல்லீங்க" என்றார் வீட்டுக்காரர்.

"பதினாறு" என்றேன் நான் அதே நேரத்தில்.

டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் உடனே வெளிப்பக்கம் கை வைத்து, "இங்க மட்டும் வலிக்குதுங்க" என்றேன். அது தசை வலி, அந்த இடத்தில் நான் ஒன்றும் செய்யவே இல்லையே என்றார். வீட்டுக்காரருக்குத் தலை சுற்றியிருக்கும். வலிக்கிற இடத்தில் ஒன்றும் செய்யவில்லை என்கிறாரே!

பிறகு எப்படி நடக்க வேண்டும், எப்படிப் படியேற வேண்டும் என்று சொல்லிவிட்டு, கடைசியாகச் சொன்னார். "தரையில உக்காந்து, முட்டிய நெஞ்சுக்கு மடக்கி, முன்னால குனியறது மட்டும் வேண்டாம். மறுபடி கிழியும்."

"களி?" என்றேன்.

"களி தாராளமா சாப்பிடுங்க. எலும்புக்கு ரொம்ப நல்லது."

அதற்கு மேல் நான் என்ன கேட்பேன்? திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டே வந்தேன். வலி போயிற்று, ஆனால் வலி போய் நான் எதைச் செய்ய வேண்டுமோ அதைச் செய்யக் கூடாது. அப்படியானால் இது குணமா, இல்லையா? நெல்லைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டுச் சோறு பொங்காதே என்றால் எப்படி? ஓசூர் வந்தது, கிருஷ்ணகிரி வந்தது, எனக்கு விடை வரவில்லை.

மறுபடி கடலை பிடுங்குகிற காலம் வந்தது. ஆட்கள் கூடினார்கள். ஓரகத்தி அவசர அவசரமாகச் சட்டியை இறக்கினாள். எனக்குப் பொறுக்கவில்லை. மாட்டுக்கொட்டகையிலிருந்து முக்காலியைக் கொண்டு வந்து போட்டு உட்கார்ந்தேன்.

"துடுப்பக் குடு."

"டாக்டரு குனியக் கூடாதுன்னாருல்லக்கா?"

"தரையிலதான் கூடாதுன்னாரு. இது முக்காலி."

முக்காலியில் உட்கார்ந்தால் கை எட்டியது, கால் எட்டவில்லை. இரண்டு சுற்றுக் கிண்டினேன், சட்டி துடுப்போடு சேர்ந்து சுற்றியது. கவைக்கோல் வழுக்கியது. அவள் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் எதிரே தரையில் உட்கார்ந்து, கவைக்கோலின் கிளைகள்மேல் தன் பாதங்களை ஊன்றி அழுத்தினாள்.

"ம், கிண்டு."

கிண்டினேன். துடுப்பு உள்ளே இறங்குகிற சுகம் கைக்கு எத்தனை நாள் கழித்து! கட்டி ஒவ்வொன்றாக உடைவது உள்ளங்கையில் தெரிந்தது.

"இன்னமும் வலிக்குதாக்கா?" என்றாள், தாடையால் என் இடுப்பைக் காட்டி.

பின்கட்டில் ஆட்கள் இன்னும் வரவில்லை. வீட்டுக்காரர் களத்தில் இருந்தார். ஏன் சொன்னேன் என்று தெரியாது. கை வேலையாக இருந்ததால் வாய் நழுவிவிட்டதோ என்னவோ. "மொதல்ல வலிச்சது அங்க இல்லடி" என்று ஆரம்பித்து, எங்கே என்பதைக் கண்ணால் காட்டினேன்.

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். அப்படி ஒரு சிரிப்பு. "அப்ப அந்த மூணு சூடு? ஐயோ அக்கா! அந்த ஊசியெல்லாம்? பாவம் அந்தப் பெரியவரு, சும்மா கெடந்த எடத்துல போயி…" கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு.

"சிரிக்காத, கால் நழுவுது. சட்டி சாயுது பாரு."

"என்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமில்ல?"

"உன்கிட்ட சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி."

"அதுவும் சரிதான்" என்று ஒத்துக்கொண்டாள். சிரிப்பு அடங்கியதும் பாதத்தை மறுபடி ஊன்றிக்கொண்டு கேட்டாள். "ஒண்ணு மட்டும் சொல்லுக்கா. கிழிஞ்சது சரியாயிருச்சி. இப்ப வலிக்கிற எடத்துல எதுவும் கிழியல. அப்ப இப்ப வலிக்கிறது எது?"

துடுப்பு நின்றுவிட்டது. டாக்டர் தசை என்றாரே தவிர வேறு சொல்லவில்லை. நானே போய்ப் போய்க் காட்டி வரவழைத்த வலியா, சூட்டின் வலியா, நொண்டி நடந்த வலியா?

"தெரியலடி" என்றேன்.

"சரி, நிறுத்தாத. ஆறிப்போச்சுன்னா கட்டி தட்டும்."

கிண்டி முடித்தோம். பந்தியில் உருண்டையைப் பிட்டவன் நிமிர்ந்து பார்த்தான். "இன்னைக்கு யாருங்க கிண்டுனது?"

"நாந்தான்" என்றேன்.

"நாந்தான்டா" என்றாள் அவளும், சாற்றுக் குண்டானைத் தூக்கிக்கொண்டு வந்தபடி.

அவன் எங்கள் இருவரையும் பார்த்தான். வீட்டுக்காரரும் தட்டிலிருந்து தலை நிமிர்ந்து பார்த்தார். எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாத சமாசாரத்தை அவர்களுக்கு எப்படி விளக்குவது? குனிந்து அடுத்த உருண்டையைத் தட்டில் வைத்தேன். இடுப்பின் வெளிப்பக்கம் லேசாக வலித்தது.